எரியாத அடுப்பில் எத்தனை வோல்ட்?



எலக்ட்ரிகல் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், காலிங் பெல் எல்லாம் நம்மைத் தேடி வரும். "தம்பி, நீதான் கரண்ட் படிக்கிறியே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்பார்கள். அப்படி வருகிறவற்றில் பார்வைக்கு ரொம்பச் சுலபமாகத் தெரிவது காயில் வைத்த கரண்ட் அடுப்புதான். ஒரு பீங்கான் தட்டு, ஒரு கம்பிச் சுருள், இரண்டு ஸ்க்ரூ. இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஆனால் கரண்ட் ஓடும் கம்பி எந்த உறையும் இல்லாமல், கை எட்டும் தூரத்தில், ஈரமும் இரும்புக் கரண்டியும் புழங்கும் இடத்தில் கிடப்பது இந்த அடுப்பில்தான். ஆகவே இதை ரிப்பேர் செய்வது எப்படி என்பதோடு, எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

"இண்டக்‌ஷன் அடுப்பு வந்த பிறகு இதெல்லாம் யார் வைத்திருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் மந்தைவெளிப் பக்கம் பழைய வீடுகளில் பரணில் ஒன்றாவது இருக்கும். சிலிண்டர் தீர்ந்த அன்று அது கீழே இறங்கும். சாதாரண அலுமினியப் பாத்திரமும் பித்தளைப் பாத்திரமும் இண்டக்‌ஷனில் சூடேறாது. காயில் அடுப்புக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது. ஈயச் சொம்பை மட்டும் இதில் வெறுமனே வைத்துவிடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். சிவந்த காயிலின் சூடோ அதைப் போல மூன்று நான்கு மடங்கு.

அடுப்புக்குள்ளே என்ன இருக்கிறது?

கம்பியில் கரண்ட் ஓடினால் எவ்வளவு சூடு உண்டாகும் என்பதற்குக் கணக்குச் சொன்னவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். 1841-ல் அதை வெளியிட்டபோது அவருக்கு வயது 22. அதாவது நம்மைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. 'ஐ ஸ்கொயர் ஆர்' என்று நாம் ஓயாமல் ஒப்பிக்கிறோமே, அது அவர் கண்ட விதிதான். ஆனால் விதி கிடைத்த உடனே அடுப்பு வந்துவிடவில்லை. செந்தணலாகக் காய்ந்தும் காற்றில் எரிந்துபோகாத கம்பி வேண்டும் அல்லவா? அது கிடைக்க இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. 1906-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் நிக்ரோம். நூற்றுக்கு எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம் என்பது வழக்கமான கலவை. முதல் தடவை சூடேறும்போதே மேலே குரோமியம் ஆக்ஸைடு மெல்லிய தோலாகப் படிந்து, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றுப் படாமல் காப்பாற்றுகிறது. இந்தத் தோல்தான் காயிலின் ஆயுள்.

செம்புக் கம்பியில் ஏன் அடுப்பு செய்யக்கூடாது? 1000 வாட் காயிலுக்கு 0.4 மி.மீ. நிக்ரோம் கம்பி எடுத்தால் சுமார் 6 மீட்டர் போதும். அதே பருமனில் செம்பு என்றால் ஏறத்தாழ 385 மீட்டர் வேண்டும். அதைச் சுற்றி வைக்கச் சமையலறை போதாது. அப்படியே வைத்தாலும் செம்பு அந்தச் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும்.

கணக்கு முதலில், ஸ்க்ரூடிரைவர் அப்புறம்

'மின்தடை' என்றதும் நம் ஊரில் கரண்ட் கட் தான் ஞாபகத்துக்கு வரும். இங்கே நான் சொல்வது ஓம் கணக்கில் வரும் மின்தடை. அடுப்பைத் தொடுவதற்கு முன்பே அது எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்று பேப்பரில் போட்டுக்கொள்ள வேண்டும். மின்தடை = வோல்ட் × வோல்ட் ÷ வாட். சப்ளை 230 வோல்ட் என்று வைத்துக்கொண்டால்:

1000 வாட் காயில்: 52.9 ஓம், 4.35 ஆம்பியர்.
1500 வாட் காயில்: 35.3 ஓம், 6.5 ஆம்பியர்.
2000 வாட் காயில்: 26.5 ஓம், 8.7 ஆம்பியர்.

இந்த மூன்று வரியிலேயே பாதி விஷயம் வந்துவிட்டது. 1500 வாட் அடுப்பைக்கூட 6 ஆம்பியர் சின்ன பிளக்கில் போடக்கூடாது. இரண்டு பக்கமும் ஆயிரம் ஆயிரம் வாட் உள்ள அடுப்பு சேர்ந்து எரிந்தால் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். டேப் ரிக்கார்டருக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, "பிளக் ஏன் உருகுது?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இன்னொன்று. "அடுப்பு முன்ன மாதிரி காயலை" என்ற புகார் எல்லாமே ரிப்பேர் அல்ல. கோடையில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால், 1000 வாட் காயில் 682 வாட்தான் தரும். வோல்டேஜ் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஏறக்குறைய இரண்டு பங்கு குறையும். அப்போது அடுப்பைக் கழற்றிப் பிரயோஜனம் இல்லை. முதலில் சப்ளையை அளந்து பாருங்கள்.

எங்கள் வீட்டு அடுப்பு

கணக்கு போதும், இனி நேராக ஒரு கேஸுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பக்க அடுப்பு. ஒவ்வொன்றும் 1000 வாட். அடுப்பிலேயே ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சுவிட்ச். ஒருநாள் மாலை நான் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா, "டேய், இடது பக்கம் சூடே ஏறலை. வலது பக்கம் நல்லா எரியுது. என்னன்னு பாரு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி டயக்னாசிஸ் முடிந்துவிட்டது. வலது பக்கம் எரிகிறது என்றால் சப்ளை இருக்கிறது, பிளக்கிலும் கார்டிலும் கரண்ட் வருகிறது. குறை இடது பக்கத்துச் சுவிட்ச், அதன் கனெக்‌ஷன், டெர்மினல், காயில் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்க முடியும். இரண்டு பக்க அடுப்பில் இது ஒரு சௌகரியம்: நல்ல பக்கமே நமக்கு அளவுகோல்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டேன். பிறகு அடுப்பைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினேன். எந்த வயர் எங்கே போகிறது என்று முதலில் ஒரு பேப்பரில் படம் வரைந்துகொண்டேன். மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வைத்து வலது காயிலை அளந்தால் 51 ஓம். கணக்கில் வந்தது 52.9. நிக்ரோம் சூடேறும்போது மின்தடை நூற்றுக்குப் பத்துக்குள்தான் கூடும். எனவே ஆறிய காயில் கொஞ்சம் குறைத்துக் காட்டுவது சரியே. இடது காயிலில் வைத்தால் மீட்டரின் ஓரத்தில் '1' என்று நின்றுவிட்டது. அதாவது, அறுந்திருக்கிறது. சுவிட்சைத் தனியே பார்த்தேன், நன்றாக இருந்தது. காயிலை உற்றுப் பார்த்தபோது, சுவிட்ச் வயர் வந்து சேரும் டெர்மினலிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் கம்பி கருகி அறுந்திருந்தது. பால் பொங்கி வழிந்த கறை அங்கேதான் இருந்தது.

இதுவரை எல்லாம் பாடப் புத்தகம் மாதிரி. அப்போதுதான் அம்மா சாதாரணமாக ஒன்றைச் சொன்னார். "காலையிலேயே பார்த்தேன்டா. சுருள் எழும்பி நிக்குதோன்னு இடுக்கியால தள்ளி விட்டேன். அப்பவும் எரியலை."

"பிளக்கைப் பிடுங்கினியா?"

"எதுக்கு? அந்த அடுப்பு சுவிட்சை அணைச்சுட்டுத்தானே தொட்டேன்! பெரிய சுவிட்சை அணைச்சா பக்கத்துல பால் காயறதே, அது என்ன ஆகும்?"

நியாயமான பதில்தான். எந்த வீட்டிலும் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்து பிளக்கைத் திறந்து பார்த்தேன். எப்போதோ யாரோ பிளக் மாற்றியபோது ஃபேஸ் வயரையும் நியூட்ரல் வயரையும் இடம் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். அடுப்பு எரிவதற்கு அது ஒன்றும் தடையில்லை. அதனால் யாருக்கும் தெரியவும் இல்லை.

இருட்டுக் காயிலில் என்ன நடந்தது?

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

காயில் நல்லபடியாக எரியும்போது, அதன் ஒரு முனையில் 230 வோல்ட். போகப் போகக் குறைந்து நடுவில் 115. மறுமுனையில் ஏறத்தாழ பூஜ்யம். கரண்ட் ஓடுவதால்தான் வோல்டேஜ் இப்படி இறங்குகிறது. காயில் அறுந்துவிட்டால் கரண்ட் ஓடாது. கரண்ட் இல்லை என்றால் இறக்கமும் இல்லை. அப்படியானால் ஃபேஸ் முனையிலிருந்து அறுந்த இடம் வரை, காயில் முழுக்க எத்தனை வோல்ட்? முழு 230! ஓம் விதியை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். சிவப்பாக எரிகிற காயிலைவிட, இருட்டாகக் கிடக்கும் அறுந்த காயிலில் அதிக நீளத்துக்கு முழு வோல்டேஜ் நிற்கிறது. எரிகிற அடுப்பை யாரும் தொட மாட்டார்கள்; எரியாத அடுப்பைத்தான் தட்டிப் பார்ப்பார்கள்.

எங்கள் அடுப்பில் இன்னும் ஒரு படி மேலே. சுவிட்ச் ஃபேஸில் இருக்க வேண்டும் என்று நாம் முதல் வருடமே படித்தோம். பிளக்கில் வயர் மாறியதால் அடுப்புச் சுவிட்ச் நியூட்ரலுக்குப் போய்விட்டது. ஃபேஸ் நேராகக் காயிலின் மறுமுனைக்கு வந்தது. அறுந்த இடமோ சுவிட்ச் பக்கம். ஆகவே சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும், அந்தக் காயில் கிட்டத்தட்ட முழுவதும் 230 வோல்ட்டில்தான் இருந்திருக்கிறது. அம்மா இரும்பு இடுக்கியைக் காய்ந்த கரித்துணியால் பிடித்திருந்தார். நடுவில் இருந்தது அந்தத் துணி ஒன்றுதான்.

ஈரக் கையும் ஈரத் தரையும் சேர்ந்தால் உடம்பின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 100 மில்லி ஆம்பியரே போதும். 16 ஆம்பியர் ஃபியூஸுக்கோ எம்.சி.பி.க்கோ இது ஒரு பொருட்டே அல்ல. அவை ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. ஆளைக் காப்பாற்ற வைத்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தான். பழைய வீடுகள் பலவற்றில் அது இருக்காது. உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

ஒட்டுப் போடலாமா?

அறுந்த இரண்டு முனையையும் இழுத்து முறுக்கி விட்டால் அடுப்பு எரியும். எல்லோரும் செய்கிற வேலை இதுதான். ஏன் கூடாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது.

முதலாவது, நீளம் குறைகிறது. கருகிய பகுதியை நறுக்கிப் பத்தில் ஒரு பங்கு போனால் 52.9 ஓம் 47.6 ஆகிறது, 1000 வாட் 1111 வாட் ஆகிறது. இப்படி மூன்று தடவை ஒட்டுப் போட்டால் 1372 வாட். கம்பியின் நீளமோ முக்கால் பங்குகூட இல்லை. குறைந்த கம்பியில் அதிகச் சூடு. ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் காயில் இன்னும் சீக்கிரம் போகும்.

இரண்டாவது, முறுக்கிய இடம். இருக்கும் கம்பி மேலே ஆக்ஸைடுத் தோல் உண்டு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அந்த முறுக்கில் 1 ஓம் கான்டாக்ட் மின்தடை இருந்தால், 4.35 × 4.35 × 1, அதாவது சுமார் 19 வாட் அந்த ஒரு புள்ளியில் மட்டும். நம் லேபில் உள்ள சோல்டரிங் அயர்னே 25 வாட் தான்! ஈயப் பற்று வைக்கலாமே என்றால், அது 190 டிகிரிக்குள் உருகி ஓடிவிடும். ஆகவே காயிலை மாற்றுவது ஒன்றே வழி. ஓட்டலில் ஒரு மசால் தோசை சாப்பிடும் காசுக்குள் புதுக் காயில் கிடைக்கும்.

புதுக் காயில் போடும் முறை

1. கடையில் கேட்கும்போது வாட் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் கடையிலேயே மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். "கொஞ்சம் கூட இருந்தா சீக்கிரம் காயும்" என்று 1500 வாட் கொடுத்தால் வாங்காதீர்கள். தட்டும் வயரும் 1000 வாட்டுக்குச் செய்தவை.

2. பீங்கான் தட்டின் பள்ளத்தில் ஒரு நூலை ஓட்டி அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். காயிலை இரு முனையிலும் பிடித்து அந்த நீளத்துக்கு ஒரே சீராக இழுங்கள். ஒரு இடத்தில் சுற்றுகள் நெருங்கியிருந்தால் அங்கே சூடு தேங்கும். அடுத்த முறை அங்கேதான் அறும்.

3. முனைக் கம்பியைக் கொஞ்ச நீளத்துக்கு இரட்டையாக மடித்து முறுக்குங்கள். பருமன் இரண்டு மடங்கானால் அந்த இடத்தில் சூடு குறையும், டெர்மினல் பிழைக்கும்.

4. ஸ்க்ரூவில் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி, கீழும் மேலும் பித்தளை வாஷர் வைத்து இறுக்குங்கள். மந்தைவெளி, பட்டினப்பாக்கம் மாதிரி கடற்காற்று வரும் இடங்களில் டெர்மினல் சீக்கிரம் பச்சை பூக்கும். பழைய நட்டை உப்புத்தாளால் தேய்த்துக் காலம் ஓட்டாமல் புதிது போடுங்கள்.

5. காயிலுக்கு அருகில் வரும் வயர் மேல் பீங்கான் மணியோ ஃபைபர் கிளாஸ் ஸ்லீவோ மட்டுமே இருக்க வேண்டும். இன்சுலேஷன் டேப் அங்கே நிற்காது. மிகப் பழைய அடுப்பில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் சுற்றியிருந்தால் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

6. பிளக்கைத் திறந்து ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் சரிபாருங்கள். பழைய கார்டில் சிவப்பு, கறுப்பு, பச்சை. புதியதில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். எர்த் பின் மற்றதைவிட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும்தான்.

பிளக்கில் போடுவதற்கு முன்

எரிகிறதா என்று பார்ப்பது கடைசிச் சோதனை. அதற்கு முன் மூன்று உண்டு. ஒன்று, காயிலின் ஓம் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். இரண்டு, எர்த் பின்னுக்கும் அடுப்பின் இரும்பு உடலுக்கும் நடுவே மீட்டர் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். மூன்று, இரண்டு லைன் பின்களையும் சேர்த்து உடலுக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் இன்சுலேஷன் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. அடுப்புச் சுவிட்சுகள் 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். 

மெகருக்காக நான் லேபில் சாரிடம் அனுமதி கேட்டு அடுப்பையே பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "என்ன தம்பி, காலேஜ்ல சமையலா?" என்றார். முதலில் அரை மெகா ஓம்கூட வரவில்லை. முதல் நாள் இரவு அம்மா தட்டின் கறையை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தார். அந்தப் பீங்கான் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடி வெயிலில் முழுக்கக் காய வைத்து, திங்களன்று மறுபடி பார்த்ததில் 20 மெகா ஓமைத் தாண்டியது. அன்று மாலைதான் பிளக்கில் போட்டேன். முதல் சில நிமிடம் லேசாகப் புகை வரும். பயப்பட வேண்டாம், கம்பியில் உள்ள எண்ணெய்தான். பாத்திரம் வைக்காமல் கொஞ்ச நேரம் எரியவிடுங்கள். ஆக்ஸைடுத் தோல் படியட்டும்.

பிறகு இரண்டு பக்கமும் சமமா என்று ஒரு சோதனை. ஒரே பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்தேன். இதற்கு வேண்டிய வெப்பம் சுமார் 293 கிலோ ஜூல். ஆயிரம் வாட்டும் அப்படியே தண்ணீருக்குப் போனால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. எனக்கு வலதில் 8 நிமிடம் 50 விநாடி, இடதில் 8 நிமிடம் 40 விநாடி. அதாவது நூற்றுக்கு 55, 56 பங்குதான் தண்ணீருக்கு, மிச்சம் சமையலறைக்கு. மூடி போட்டும் போடாமலும் நீங்கள் செய்து பாருங்கள்.

நினைவில் வைக்க

பால், கஞ்சி, ரசம் வழிந்தால் பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். உப்புக் கறை காயிலின் தோலை அரிக்கும்.

கரண்டியால் கிளறும்போது பாத்திரமோ கரண்டியோ காயிலில் படக்கூடாது. சுருள் பள்ளத்திலிருந்து எழும்பியிருந்தால் அன்றைக்கு அந்த அடுப்பு வேண்டாம்.

டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பித் தொடாதீர்கள். சுவிட்சையும் நம்பாதீர்கள். பிளக் உங்கள் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும்.

இதையெல்லாம் நாம் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, நண்பர்களே. பகல் முழுக்க அடுப்படியில் நிற்பது நாம் அல்ல. அம்மாவும் பாட்டியும் அக்காவும்தான். அவர்களுக்கு ஓம் விதி சொல்ல வேண்டாம். "எரியாத அடுப்பைத் தொடாதே, முதலில் பிளக்கைப் பிடுங்கு" என்ற ஒரே ஒரு வரியைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். நம் படிப்பு வீட்டுக்கு உதவுவது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

— மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், மந்தைவெளி